சிந்தாதிரிப்பேட்டையில் விசாரித்த வகையில்

ஜன்னல் பக்கம் நீயே உக்காரு தாயி. எனக்கு வேடிக்கை பாக்க ஒண்ணும் பாக்கி இல்ல. இன்னைக்கு ஒரு நாள்ல மெட்ராசை நான் பாத்த மாதிரி அதைக் கட்டினவனே பாத்திருக்க மாட்டான். அதுவும் நடந்தே பாத்தேன். நீ மதுரையில இறங்கிருவியா? நான் கோவில்பட்டி. சரி, மதுரை வரைக்கும் பேச்சுத்துணை ஆச்சு. தூக்கம் வந்தா நீ பாட்டுக்குத் தூங்கு, நான் கோவிச்சுக்கிட மாட்டேன். நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டு வருவேன்.

என்னத்தைப் பாத்தேன்னு கேளு. பீச்சு இல்ல, வண்டலூர் சிங்கம் இல்ல. ஒரு தெரு. சிந்தாதிரிப்பேட்டையில ஒரே ஒரு தெரு. பக்கத்துல கூவம் ஆறு ஓடுதுன்னு சொன்னாக. நான் பாத்த வரைக்கும் ஆறு நின்னுக்கிட்டுத்தான் இருந்துச்சு, வாடைதான் ஓடிக்கிட்டிருந்துச்சு.

எல்லாம் மாப்பிள்ளை விசாரிக்கத்தான்.

எங்க குடும்பத்துல அது என் வேலை. ஜாதகம், போட்டோ எல்லாம் என் தம்பி தங்கப்பாண்டிகிட்டதான் வரும். அவன் லாரிக்காரன், பாதி நாள் ரோட்டுல கிடப்பான். ஆனா வார்த்தை என்னோடது. "குருவம்மாக்கா ஒரு நடை போயிட்டு வரட்டும்"னு சொல்லிருவான். நான் யாரோ எவரோ மாதிரி அந்தத் தெருவுல போயி இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடப்பேன். பொண்ணு பாக்க வர்றவனைப் பாத்து என்ன தெரியும் சொல்லு. புதுச் சட்டையைப் போட்டுக்கிட்டு, கேசரியைத் தின்னுக்கிட்டு, பூனைக்குட்டி மாதிரி உக்காந்திருப்பான். அவனை அவன் தெரு இஸ்திரிக்காரன்கிட்ட கேக்கணும். பூக்காரிகிட்ட கேக்கணும். வாடகைக்கு வீடு பாக்க வந்த மாதிரி பேச்சுக் குடுத்து, கையில ஒரு துண்டு கடலைமிட்டாயை வச்சா போதும். கோவில்பட்டி மிட்டாய் வாய்க்குள்ள போச்சுன்னா உள்ள இருக்கிறதெல்லாம் வெளிய வரும்.

இப்ப விசாரிச்சது என் மருமக செண்பகவல்லிக்கு. தம்பி மக. தாய் இல்லாத பிள்ளை. அவ ஆத்தா போன அன்னைக்குத் தூக்கிட்டு வந்தேன், இன்னும் என் வீட்டுலதான் இருக்கா. நானும் தாலி அறுத்தவ, எனக்கு வேற யாரு? தீப்பெட்டி ஆபீசுல குச்சி அடுக்கியே படிக்க வச்சேன். இப்ப கூட்டுறவு பாங்குல உக்காந்து ஊருக்கே கணக்குச் சொல்லுதா.

அவளுக்கு வரன் வராமலா இருந்துச்சு? வந்துச்சு. திருமங்கலத்துல ஒருத்தன். போயி விசாரிச்சா, மாமியாக்காரி ஃப்ரிட்ஜுக்குப் பூட்டுப் போடுறாளாம். போடா நீயும் உன் ஃப்ரிட்ஜும்னு வந்துட்டேன். ராஜபாளையத்துல ஒருத்தன், வளக்கிற நாயை "வாங்க, சாப்பிடுங்க"ங்கான், பெத்த தாயை "ஏய்"ங்கான். வேண்டாம்னுட்டேன். அப்புறம் சிவகாசி. அந்த வீட்டுல ஒரு குறையும் இல்ல. தெருவே கூடி நல்லவுக நல்லவுகன்னு சொல்லுது. எனக்குச் சந்தேகமாப் போச்சு. குறையே இல்லாத குடும்பம்னா எதையோ பெருசா மறைக்குதுன்னுதானே அர்த்தம்? அதையும் வேண்டாம்னுட்டேன்.

தம்பிக்குக் கோவம். "இப்படியே போனா அவ உன் வீட்டுலயே கிடக்க வேண்டியதுதான்க்கா"ன்னான். கிடந்தா என்ன? என் வீட்டுக் கூரை ஒழுகுதா?

ஆனா அவன் கோவம் சாதாரணக் கோவம் இல்ல தாயி. அந்தச் சிவகாசிப் பையன்கிட்ட இவ போன்ல ரெண்டு வார்த்தை பேசிட்டாளாம். "என் மக, மாப்பிள்ளையைத் தானே விசாரிக்காளா?"ன்னு போனைப் பிடுங்கி உடைச்சு, ஒரு மாசம் வேலைக்கு அனுப்பாம வீட்டுல உக்கார வச்சுட்டான். பாங்குக்காரவுக வந்து கெஞ்சித்தான் விட்டான். லாரி ஓட்டுறவன் பிரேக் போட்டா பின்னால வர்றவன்தான் சாவணும்.

இப்ப வந்திருக்கிறது மெட்ராஸ் வரன். பையன் பேரு தயாளன், ரயில்வேல வேலை, அம்மாவும் அவனும்தான். நாளைக்கு அவுகளுக்கு வார்த்தை சொல்லணும். "நீ ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல. இதோட நான் வரன் பாக்கிறதை விட்டுட்டேன்"னு தம்பி கையைக் கழுவிட்டான். அதான் கிளம்பினேன்.

மருமககிட்ட சொல்லல. "மெட்ராசைப் பாத்ததே இல்ல, ஒரு நாள் சுத்திப் பாத்துட்டு வாரேன்"னேன். அவ தலையை நிமித்தாம, "வெயிலுக்கு முன்னால நடந்துருங்க அத்தை"ன்னு எலுமிச்சம்பழச் சோத்தைக் கட்டிக் குடுத்தா. பையில முட்டிக்குப் போடுற தைலத்தையும் வச்சா. பாவம், வெகுளி. பாங்குல குப்பை கொட்டுறாளே தவிர ஒண்ணும் தெரியாது.

காலையில எழும்பூர்ல இறங்கி, வழி கேட்டுக் கேட்டு நடந்தேன். ஒரு தெருவுல தொப்பி போட்ட ஆணும் பொண்ணுமா ஒரு கூட்டம், கழுத்துல கேமரா. முன்னால ஒரு பையன் பழைய வீடுகளைக் காட்டிக் காட்டி விளக்கம் சொல்லுதான். இந்தத் தூணு அந்தக் காலத்துத் தூணு, இந்தக் கதவு பர்மாத் தேக்குங்கான். எல்லாரும் ஆ ஆன்னு போட்டோ எடுக்காங்க. நானும் கொஞ்ச தூரம் கூடப் போனேன். உள்ள யாரு இருக்கா, மருமகளை எப்படி வச்சிருக்கா, ஒரு கேள்வி? ஒருத்தர் வாயிலருந்தும் வரல. என்னமோ தூணுக்குப் பொண்ணு குடுக்கப் போற மாதிரி தூணையே தடவித் தடவிப் பாக்காங்க. படிச்ச பிள்ளைக. நான் திரும்பி என் வழியைப் பாத்து நடந்துட்டேன்.

தயாளன் தெரு முனையில இஸ்திரி வண்டி. வண்டிக்காரருக்கு மணவாளன்னு பேராம். மிட்டாயைக் குடுத்துட்டு, "ஏன் அண்ணாச்சி, இங்க வாடகைக்கு வீடு ஏதும் இருக்கா?"ன்னேன்.

அவரு என்னை ஏற இறங்கப் பாத்தாரு. "பச்சை கேட்டு வீடு தானேம்மா? தயாளன் நல்ல புள்ள. தாராளமா குடுக்கலாம்"னாரு.

பாத்தியா தாயி? நான் கேட்டது வாடகை வீடு. மனுசன் வாயிலருந்து மாப்பிள்ளை பேரு வந்து விழுது. வாயைப் பிடுங்குறதுன்னா இதுதான். நான் யாரு, எதுக்கு வந்தேன்னு அவருக்கு ஒரு சந்தேகமும் வரல.

"அவனே துணி எடுத்தாருவான், அவனே வாங்கிட்டுப் போவான். அம்மா பொடவையில மடிப்பு சரியா இல்லன்னா என்கிட்ட சண்டைக்கு வருவான். அவன் சட்டையைப் பத்தி ஒண்ணும் கேக்க மாட்டான்"னாரு. சரிதான், அம்மா கோண்டு போலன்னு மனசுல குறிச்சுக்கிட்டேன். குறை ஒண்ணு கிடைச்சுட்டுல்ல, கொஞ்சம் தெம்பாச்சு.

அப்பத்தான் அந்த ஆளு ஒரு குண்டைப் போட்டாரு. "போன மாசம் ஒரு பொண்ணு வந்துச்சும்மா. அதுவும் வாடகைக்கு வீடுதான் கேட்டுச்சு"ன்னுட்டுச் சிரிக்காரு.

எனக்கு வந்துச்சே கோவம்! வேற ஒரு பொண்ணு வீட்டுக்காரவுகளும் இவனைப் பாக்காங்க. சரி, பாக்கட்டும். ஆனா விசாரிக்க வந்தது யாரு? அந்தப் பொண்ணே! கூட ஒரு பொம்பளை உண்டா, ஒரு சித்தப்பன் பெரியப்பன் உண்டா? தனியா வந்து, நடுத்தெருவுல நின்னு, தனக்கு வரப் போறவனைத் தானே விசாரிச்சுட்டுப் போயிருக்கா. என்ன நெஞ்சழுத்தம்! இவளைச் சொல்லிக் குத்தமில்ல அண்ணாச்சி, வளத்திருக்காளே ஒருத்தி, அவளை நிக்க வச்சுக் கேக்கணும்னேன். இஸ்திரிக்காரரு கரியை ஊதுற மாதிரிக் குனிஞ்சுக்கிட்டாரு.

அதோட விடலாமா? நாலு வீடு தள்ளி, கோயிலுக்குப் போற வழியில பூக்காரி கன்னியம்மா உக்காந்திருந்தா. கையில ஒரு துண்டு மிட்டாய் வச்சேன். அவ அதைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "யக்கா, இதே முட்டாய் தான் அந்தப் பொண்ணும் குடுத்துச்சு. இதே கவரு"ங்கா.

எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. "கண்ணாடி போட்டிருந்துச்சா?"

"ஆமாக்கா."

"ஒரு பதிலுக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவுல கண்ணாடியைக் கழட்டி முந்தானையில துடைச்சுச்சா?"

"கரீட்டா சொல்றியே! நானே சொன்னேன், கண்ணு, இன்னும் துடைச்சா கண்ணாடி தேஞ்சுடும்னு."

அங்கேயே உக்காந்துட்டேன் தாயி. ட்ரெயினிங்! போன மாசம் பாங்குல ட்ரெயினிங்னு மெட்ராசுக்கு வந்தாளே என் வெகுளி, அவதான். சின்னப் பிள்ளையில எங்க விசாரிக்கப் போனாலும் இடுப்புல வச்சுத் தூக்கிட்டுப் போவேன், வீட்டுல விட ஆளில்லைன்னு. மிட்டாயைத் தின்னுக்கிட்டுச் சும்மாதான் இருக்குன்னு நினைச்சேன். என் தொழிலைப் படிச்சுக்கிட்டிருந்திருக்கு.

யாரோ என் முன்னால ஒரு சொம்பை நீட்டுனாங்க. நிமிந்து பாத்தா ஒரு வேலைக்காரப் பொண்ணு. "தயாளன் அம்மா குடுத்தனுப்பினாங்க. வெயில்ல நடக்குறீங்களாம், மோர் குடிப்பீங்களாம்"னுச்சு. தெருவுல போற வர்றவுகளுக்கெல்லாம் மோர் குடுக்கிற வீடு போல. நல்ல பழக்கம்தான், உப்புதான் பத்தல.

குடிச்சுட்டு யோசிச்சேன். என்ன துணிச்சல்! என் வேலையை, என் வித்தையை, என் மிட்டாயை எடுத்துக்கிட்டு வந்து எனக்கு முன்னால விசாரிச்சுட்டுப் போயிருக்கா. சரி, செஞ்சதுதான் செஞ்சா, ஒழுங்காவாவது செஞ்சாளா? அதையும் பாத்துருவோம்னு கன்னியம்மாவைக் கேட்டேன். அந்தப் பிள்ளை மாப்பிள்ளையைப் பத்தி என்ன கேட்டா?

"ஒண்ணே ஒண்ணுதான்க்கா கேட்டுச்சு. கோவம் வந்தா அவரு என்ன பண்ணுவாருன்னு."

"என்ன பண்ணுவான்?"

"மொட்டை மாடிக்குப் போயி பூந்தொட்டிக்குத் தண்ணி ஊத்துவான். போன வருசம் ஆபீஸ்ல ஏதோ தகராறு, ஒரு ரோசாச்செடி அழுகியே பூடுச்சு."

அவ்வளவுதான்! சம்பளம் கேக்கல. குடிப்பானா கேக்கல. அவுக அப்பன் எதுல செத்தான்னு கேக்கல. ஒரே கேள்வி, மாப்பிள்ளை கணக்கு முடிஞ்சுபோச்சு. மீதி நேரம் முழுக்க என்ன பண்ணியிருக்கா தெரியுமா? ஒரு கிழவியைப் பத்திப் பேசியிருக்கா.

நீ முழிக்காத, சொல்லுதேன். வீடு தேடுறேன்னு பொய் சொன்னா மட்டும் எவனும் நம்ப மாட்டான். கூட ஒரு கிழவியைச் சேத்துக்கிடணும். எங்க வீட்டுல ஒரு பெரியவுக இருக்காக, அவுகளுக்குத் தோதா வேணும்னு சொல்லணும். உடனே ஊரே இரக்கப்படும். அதுவும் என் வித்தைதான். ஆனா நான் ஒரு வரியோட நிறுத்திக்கிடுவேன். இவ நிறுத்தல. பொய்யின்னா என்ன பொய்! அந்தக் கிழவிக்குக் கை கால் ஒட்டி, உசுரு குடுத்து, உக்கார வச்சிருக்கா.

கன்னியம்மாகிட்ட, கோயிலுக்கு எத்தனை படி, பிடிச்சுக்கிடக் கம்பி இருக்கான்னு கேட்டிருக்கா. "எங்க பெரியவங்களுக்குக் காலையில கோயிலுக்குப் போயே ஆகணும், முட்டி வலி, ஆனா கை குடுத்தா திட்டுவாங்க"ன்னாளாம். வெத்திலை எங்க கிடைக்கும், கொழுந்தா கிடைக்குமா, நுனி ஒடிஞ்சிருந்தா அவுக வாங்க மாட்டாகன்னாளாம். எதுத்தாப்புல மருந்துக்கடை. அங்கயும் போனேன். கடைக்காரப் பையன் சொல்லுதான், ஒரு தைலத்தோட பேரைச் சொல்லி, அதை எப்பவும் வாங்கி வைப்பீங்களான்னு கேட்டுச்சாம். எந்தத் தைலம்? இதோ, என் பையில இருக்கே, இதே தைலம்! பொய்க்குச் சாமான் வேற எங்க தேடுவா? வீட்டுல கண்ணுல பட்டதையெல்லாம் எடுத்துப் போட்டிருக்கா.

இன்னும் கேளு. "எங்க பெரியவங்களுக்கு வாய் கொஞ்சம் நீளம். யார் வீட்டு விசயம்னாலும் மூக்கை நுழைப்பாங்க. கோவிச்சுக்காதீங்க, மனசு தங்கம்"னு முன்கூட்டியே கன்னியம்மாகிட்டயும் இஸ்திரிக்காரர்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிருக்கா. கன்னியம்மா இதைச் சொல்லிட்டு என் மூஞ்சியையே பாத்துச் சிரிக்கா. எனக்கும் சிரிப்பு வந்துட்டு. அந்தக் கிழவி எப்படி இருப்பான்னு எனக்கே கண்ணுல தெரியுது. எங்க வம்சத்துல அப்படி ஒருத்தி கிடையாது தாயி. எங்க இருந்து பிடிச்சாளோ.

நான் சாப்பாட்டை அந்தக் கோயில் மரத்தடியில முடிச்சுட்டு, பச்சை கேட்டு வீட்டை ஒரு நோட்டம் விடலாம்னு போனேன். வாசல்ல மணலும் சிமெண்டும் கிடக்கு. கொத்தனார் ஒருத்தர் வெஸ்டர்ன் கக்கூசைத் தோள்ல தூக்கிக்கிட்டு உள்ள போறாரு. என்னப்பா விசேசம்னேன். "கீழ் ரூமை சரி பண்றாங்கம்மா. பழைய கக்கூசை எடுத்துட்டு, உக்காந்து எந்திரிக்கத் தோதா இது வைக்கச் சொன்னாங்க. செவுத்துல பிடிச்சுக்கக் கம்பி வேற. யாரோ பெரியவங்க வர்றாங்களாம்"ன்னாரு.

அம்மாவும் மகனுமா ரெண்டே பேரு. அந்த அம்மா கல்லு மாதிரி மாடியில நிக்குது, என்னைப் பாத்து வணக்கம் வேற போடுது. அந்த உடம்புக்குக் கம்பி எதுக்கு? யாரோ சொந்தக்காரக் கிழவி வந்து ஒட்டிக்கிடப் போறா போல. கல்யாணம் ஆகி என் பிள்ளை உள்ள நுழையும்போது ஒரு மாமியா, கூட ஒரு கிழவி. ரெண்டு பேருக்கும் இவதான் வடிச்சுக் கொட்டணும். இதை விசாரிச்சாளா இவ? இல்லாத கிழவிக்குக் கம்பி கேக்கத் தெரிஞ்சவளுக்கு, இருக்கப் போற கிழவியைக் கேக்கத் தெரியல பாரு.

சாயங்காலம் பஸ் ஏறுற வரைக்கும் மனசு ரெண்டா அடிச்சுக்கிட்டுது. ஒரு பக்கம், குறை கையில இருக்கு. அம்மா கோண்டு, கிழவி, உப்பு இல்லாத மோர். வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், பிள்ளை என் வீட்டுலயே கிடக்கும். இன்னொரு பக்கம், அவ இவ்வளவு தூரம் தனியா வந்து, நாள் முழுக்க இந்த வெயில்ல நடந்து… அவளுக்கும் வெயில் ஒத்துக்கிடாது தாயி, மூக்குல ரத்தம் வரும். எத்தனை வரன் வந்து போச்சு, ஒண்ணுக்காவது ரயில் ஏறினாளா?

இரு, போன் அடிக்கி. தம்பிதான்.

"ஆமாடா, பஸ்சுலதான் இருக்கேன்… பாத்தேன். தெருவே பாத்தேன்… குறையா? இல்லாம இருக்குமா? மோர்ல உப்புக் கம்மி… நான் என்ன விளையாடுதேனா? முடிச்சிரு… ஆமாங்கேன்ல! காலையில முத வார்த்தையா சொல்லிரு… என்னது? பிள்ளை மனசா? அவளுக்கு என்னடா தெரியும்? ட்ரெயினிங்னு வந்தா, ரூமுக்குள்ள உக்காந்துட்டு வந்தா, மெட்ராஸ்ல கிழக்கு எது மேற்கு எதுன்னு தெரியாது… யாரு, அந்தத் தெருவுல யாரு அவளைப் பாத்தா? எவன் உன்கிட்ட சொன்னான்? நான் நாள் முழுக்க அங்கதானே இருந்தேன், எனக்குத் தெரியாதா? அது வேற ஏதோ பிள்ளை, வீடு தேடி வந்ததாம், நானே விசாரிச்சுட்டேன். நீ ரோட்டைப் பாத்து ஓட்டு."

வச்சுட்டான். நம்பிட்டான். என் வார்த்தையை அவன் என்னைக்குத் தட்டியிருக்கான்?

என்ன அப்படிப் பாக்க? இல்ல தாயி, அவகிட்டயும் கேக்க மாட்டேன். கேட்டா நான் விசாரிக்கப் போனது தெரிஞ்சுருமே. அவ பாட்டுக்கு வெகுளியா இருக்கட்டும், நான் பாட்டுக்கு மெட்ராஸ் சுத்திப் பாத்தவளா இருக்கேன்.

ஆனா மனசு ஆறல. நான் வளத்தேன், அதைச் சொல்லிக் காட்டுறவ நான் இல்ல. போகட்டும், நல்லா இருக்கட்டும். இத்தனை பேர்கிட்ட இத்தனை கேட்டவ, நான் போயிட்டா எங்க அத்தை தனியா என்ன பண்ணும்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, யார்கிட்டயாவது சொன்னாளா? நானும் தெரு முழுக்க விசாரிச்சுப் பாத்துட்டேன் தாயி. ஒருத்தர்கிட்டயும் சொல்லல.